நான்கு சக்கரமும் ஒத்து நடக்கட்டும்



களத்தில் பிணையல் ஓட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். உள்ளே நிற்கும் மாடு நின்ற இடத்திலேயே மெல்லத் திரும்பும். வெளி மாடு ஓட்டமும் நடையுமாகச் சுற்றி வரவேண்டும். இரண்டும் ஒரே அளவு நடக்க வேண்டும் என்று அடம்பிடித்தால் என்ன ஆகும்? கயிறு அறும், இல்லையென்றால் கழுத்து புண்ணாகும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியின் கதையும் இதுதான்.

1903-ல் ஹாலந்து நாட்டு ஸ்பைக்கர் சகோதரர்கள் நான்கு சக்கரமும் இழுக்கும் பெட்ரோல் கார் ஒன்றைச் செய்தார்கள். 1908 வாக்கில் அமெரிக்காவில் கிளின்டன்வில் என்ற சிற்றூரில் பட்டறை வைத்திருந்த ஆட்டோ சாகோவும், மைத்துனர் வில்லியம் பெசர்டிக்கும் இன்னொரு வழி கண்டார்கள். முன் சக்கரம் திரும்பவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும். அதற்கேற்ற இணைப்பை அந்தப் பட்டறையிலேயே செய்துவிட்டார்கள். முதல் உலகப் போரில் ஐரோப்பாவின் சேற்றில் சாமான் சுமந்த லாரிகளில் இவர்கள் தொடங்கிய கம்பெனியின் லாரிகளும் உண்டு.

பிறகு 1940-ல் ஜீப் பிறந்தது. போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கு மேல் செய்து குவித்தார்கள். 1945-ல் வில்லீஸ் கம்பெனி அதையே விவசாயிக்கு ஏற்றதாக மாற்றி விற்றது. கலப்பை இழுக்கும், பெல்ட் போட்டால் இயந்திரம் ஓட்டும் என்று விளம்பரம். வினை அங்கேதான் தொடங்கியது.

வளைவில் முன் சக்கரம் போகும் தூரம் அதிகம், பின் சக்கரம் போகும் தூரம் குறைவு. ஜீப்பிலோ லீவரைப் போட்டுவிட்டால் முன் ஷாப்டும் பின் ஷாப்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். சேற்றில் சக்கரம் கொஞ்சம் வழுக்கிச் சரிக்கட்டிக்கொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்க இடமேது? ஈரத் துணியைப் பிழிவது போல ஷாப்ட் முறுக்கிக்கொள்ளும். டயர் தேயும், பல்சக்கரம் நோகும்.

இதற்கு மருந்து தேடியவர்கள் பலர். 1948-ல் வந்த லேண்ட் ரோவரில், முன் சக்கரம் வேகமாக ஓட நேர்ந்தால் தானே விட்டுக்கொடுக்கும் அமைப்பு வைத்தார்கள். அதே ஆண்டு அமெரிக்காவில் ஆர்தர் வார்ன் என்பவர், போரில் கழித்த ஜீப்புகளை ரோட்டில் ஓட்ட வசதியாக, முன் சக்கரத்தைக் கழற்றிப் பூட்டும் ஹப்பைக் கொண்டு வந்தார். 1970-ல் வந்த ரேஞ்ச் ரோவரில், இரண்டு அச்சுக்கும் நடுவில் மூன்றாவது டிஃபரன்ஷியலே வந்துவிட்டது. வெளி மாட்டையும் உள் மாட்டையும் அதனதன் நடையில் விடும் வித்தை அது.

டயர் கதை வேறு. 1942-ல் ஜப்பான் மலேயாவைப் பிடித்ததும் அமெரிக்காவுக்கு ரப்பர் வரத்து நின்றது. அந்தத் தோட்டங்களில் பால் வடித்தவர்களில் பெரும்பாலோர் நம் தமிழ்த் தொழிலாளர்கள். அமெரிக்காவில் டயருக்கு ரேஷன் வந்தது. வேகத்தைக் குறை, காற்றைச் சரி பார், சக்கரத்தை இடம் மாற்றிப் போடு என்று ஜனங்களுக்குச் சொல்ல வேண்டியதாயிற்று.

நான் வேலையில் சேர்ந்த புதிதில் எங்கள் ஆபீஸ் ஜீப்புக்குச் சிக்கனம் பார்த்து முன்னால் இரண்டு புது டயர் போட்டோம். பின்னால் மொட்டை டயர். மழைக்காலம், லீவரைப் போட்டு வயலுக்குப் போனவர்கள் அதை எடுக்காமல் தார் ரோட்டிலேயே திரும்பினோம். லீவர் வெளியே வரவே இல்லை. மெக்கானிக் பெட்டியைத் திறந்து உடைந்த பல்லைக் கையில் கொடுத்தார். மிச்சம் பிடித்த காசைப் போல பல மடங்கு போயிற்று.

கணக்கு எளிது. புது டயர் குறுக்களவு 72 செ.மீ. என்று வையுங்கள். பட்டன் 7 மி.மீ. தேய்ந்தால் குறுக்களவில் 14 மி.மீ. குறையும். ஒரு கிலோமீட்டருக்குப் புது டயர் 442 சுற்று, தேய்ந்தது 451 சுற்று. நேர் ரோட்டில் போனாலும் கிலோமீட்டருக்கு 9 சுற்று வித்தியாசத்தைப் பல்சக்கரம் தாங்க வேண்டும்.

ஆகவே இவற்றை மனதில் வையுங்கள். நான்கு டயரும் ஒரே அளவு, ஒரே ரகம், ஏறக்குறைய ஒரே தேய்மானமாக இருக்கட்டும். வண்டிப் புத்தகத்தில் சொன்ன தூரத்துக்கு ஒருமுறை, அதில் சொன்ன முறைப்படி இடம் மாற்றுங்கள். ஸ்டெப்னி அதே அளவாக இருந்தால் அதையும் சுற்றில் சேருங்கள். காற்றைச் சரியாக வையுங்கள். தார் ரோடு ஏறியதும் லீவரை எடுங்கள். வரவில்லை என்றால் பலவந்தம் வேண்டாம். கொஞ்ச தூரம் ரிவர்ஸ் எடுத்தால் முறுக்கு விடும்.

நான்கு சக்கர இழுவை டிராக்டருக்கும் இதே நியாயம்தான். அங்கே முன் டயர் சிறியது, பின் டயர் பெரியது. இரண்டுக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தே பல்சக்கரம் வெட்டியிருக்கிறார்கள். விலை மலிவு என்று வேறு அளவு டயர் போட்டு அந்த விகிதத்தைக் கெடுத்துவிடாதீர்கள்.

பிணையலில் மாட்டின் நடையறிந்து கட்டிய கை உங்கள் கை. சக்கரத்தின் நடையும் அதற்கு வசப்படாமல் போகாது.