மனக்களைப்பு

மனக்களைப்பு என்பது நெடுநேரம் கவனத்தைக் குவித்தும், அடுத்தடுத்து முடிவெடுத்தும், கோபத்தையும் அழுகையையும் அடக்கியும் உழைப்பவர்களுக்கு வரும் அயர்ச்சி. ஒரு நல்ல தூக்கத்தில் தீர்ந்தால் அது சாதாரணக் களைப்பு. வாரக்கணக்கில் தூங்கி எழுந்தும் தீரவில்லையென்றால் கவனிக்க வேண்டும். வேலையால் முற்றிய நிலையை ‘பர்ன்அவுட்’ என்கிறார்கள். நியூயார்க்கில் இலவச மருத்துவ மையத்தில் தொண்டாற்றியவர்களிடம் இதைக் கண்ட உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் 1974-இல் கட்டுரையாக எழுதினார். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு இதை நோயாகச் சேர்க்கவில்லை. பணியிடத்தில் சமாளிக்கப்படாத தொடர் அழுத்தத்தின் விளைவு என்கிறது. பழியைத் தனி மனிதரின் தலையில் மட்டும் சுமத்தாத வரையறை என்பதால் இது முக்கியமானது.

அறிகுறிகள்

ஒரே குறுஞ்செய்தியை மூன்று முறை படித்தும் மனதில் ஏறாது. நன்கு தெரிந்தவரின் பெயர் நாக்கு நுனியில் நிற்கும். குழந்தை சாதாரணமாக ஏதோ கேட்டாலும் வள்ளென்று விழத் தோன்றும். “ராத்திரிக்கு என்ன சமைக்கிறது?” என்ற கேள்வியே பெரும் பாரமாகத் தெரியும். வேலையில் பிடிப்பு விட்டுப்போகும். செய்வதெல்லாம் வீண் என்ற எண்ணம் வரும்.

மூளையில் நடப்பது

டூரின் நகர உடலியலாளர் ஆஞ்செலோ மோஸ்ஸோ, மாணவர்களுக்குத் தேர்வு நடத்திய பேராசிரியர்களின் விரல் தசைகூட விரைவில் சோர்வதை அளந்து காட்டி, 1891-இல் நூலாக வெளியிட்டார். 2022-இல் பாரிஸ் ஆய்வாளர்கள், ஆறு மணி நேரத்துக்கும் மேலாகக் கடினமான சிந்தனை வேலை செய்தவர்களின் முன்மூளையில் குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் தேங்குவதைக் கண்டார்கள். அவர்கள் அப்போது உடனே கிடைக்கும் சிறு பலனையே தேர்ந்தெடுத்தார்கள். அதனால் களைத்த மனிதர் இரவு பதினொரு மணிக்குக் கைப்பேசித் திரையைத் தள்ளிக்கொண்டே இருப்பதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுவதில் நியாயமில்லை.

ரெட்டியார்பாளையத்தில்

இந்தக் களைப்பு அன்றாட வாழ்வில் எப்படிச் சேர்கிறது என்பதற்கு ரெட்டியார்பாளையத்தைப் பார்க்கலாம். இது புதுச்சேரியின் உழவர்கரை நகராட்சிக்கு உட்பட்ட, வில்லியனூர் சாலையை ஒட்டிய குடியிருப்புப் பகுதி. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக்கோ நகரத்துக் கடைகளுக்கோ வேலைக்குப் போகும் ஒரு பெண், இந்திரா காந்தி சிலைச் சந்திப்பின் நெரிசலைக் கடந்து வீடு வந்து சேர்ந்ததும் அடுத்த வேலை தொடங்கிவிடும். கேஸ் எத்தனை நாளுக்கு வரும், மாமியாரின் சர்க்கரை மாத்திரை எத்தனை மிச்சம், மகனின் ரெக்கார்டு நோட்டுக்கு அட்டை போட்டாயிற்றா: இந்த நினைவுக் கணக்கை யாரும் வேலையாக எண்ணுவதில்லை. 2019-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் இந்தியப் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிட்டது 299 நிமிடம்; ஆண்கள் 97 நிமிடம். “வீட்டு வேலைதானே, அதுல உனக்கென்ன களைப்பு?” என்று கேட்பவர்கள் இந்த எண்களை ஒருமுறை பார்க்க வேண்டும்.

வேலை நேரம்

களைப்புக்கான மருந்தைப் புதுச்சேரி ஒருமுறை ரத்தம் கொடுத்தே வாங்கியது. பிரெஞ்சு ஆட்சியில் ஆலைத் தொழிலாளர்கள் நாளெல்லாம் தறியடியில் நின்றார்கள். தொழிற்சங்கத் தலைவர் வ. சுப்பையா தலைமையில் அவர்கள் வேலை நேரக் குறைப்பும் சங்க உரிமையும் கேட்டார்கள். 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர்கள் இறந்தார்கள். மறு ஆண்டு, 1937-இல், பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலை சட்டமானது. இன்று நிறுவனங்கள் ஊழியர்களுக்குத் தியான வகுப்பு வைத்துவிட்டு, இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் வேலை அனுப்புகின்றன. மூச்சுப் பயிற்சி பயனுள்ளதுதான். ஆனால் சுமை குறையாமல் அது மட்டும் போதாது. பணியிட மனநலம் பற்றி 2022-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டியும் பணிச்சூழலையே மாற்றும் நடவடிக்கைகளைப் பரிந்துரைக்கிறது.

சமாளிப்பு

வீட்டில் முதலில் பிரிக்க வேண்டியது பொறுப்பை. “சொன்னா செய்றேன்” என்பது உதவி ஆகாது. சொல்லவேண்டிய வேலையும் மனைவியின் தலையிலேயே நிற்கிறது. மாத்திரை வாங்குவது கணவர் பொறுப்பென்றால், தீருவதைக் கவனிப்பதும் அவர் பொறுப்பே. வாரத்துக்கான சமையலை ஞாயிறன்றே முடிவு செய்வது தினசரி முடிவுகளைக் குறைக்கும். வேலைக்கு நடுவே சில நிமிடம் எழுந்து நடப்பதும், இரவு ஏழு மணி நேரத்துக்குக் குறையாத தூக்கமும் அவசியம்.

தீராத களைப்புக்கு உடலிலும் காரணம் இருக்கலாம். இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு. தைராய்டு, சர்க்கரை, பி12 குறைபாடு ஆகியவற்றையும் பரிசோதிப்பது நல்லது.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமின்மை, காரணமில்லாத குற்றவுணர்வு, சாக வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். ஓய்வு மட்டும் போதாது, சிகிச்சை வேண்டும். கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் மருத்துவமனையில் மனநலத் துறை இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழில் பேசலாம்.