காட்சியும் கோலும்: போடி மலைச்சரிவுக் கற்சுவர்களின் அளவு நெறி

போடிநாயக்கனூரிலிருந்து மேற்கே ஏலமலைச் சரிவில் ஏறுவோர், தோட்டங்களுக்கு வரம்பாகச் சாந்தின்றி அடுக்கப்பெற்ற கற்சுவர்களைக் காண்பர். மலைக்கு அப்பால் இடுக்கியில் மலையாளத்தார் இத்தகைய சுவரைக் 'கய்யால' என்பர். அவற்றுள் ஒரு கல்லின் அளவு மற்றொன்றனோடு ஒவ்வாது. இவ்வொவ்வாமை வேலைக் குறையோ, அன்றி ஒரு நெறியோ என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

சிற்பநூல் கற்றார்க்கு அது குறையெனவே தோன்றும். மயமதம் எட்டு யவை ஓர் அங்குலம், இருபத்துநான்கு அங்குலம் ஒரு முழம் எனக் கோலை வரையறுக்கின்றது. ஆயினும் அந்நூலே 25, 26, 27 அங்குல முழங்களையும் உடன் கூறி, இன்ன பணிக்கு இன்னது எனப் பகுக்கின்றது. பணி நோக்கி அளவு வேறுபடும் என்பது அந்நூலார்க்கும் உடன்பாடே.

செதுக்காத கல்லுக்கு நெறி வேறு. தொல்காப்பியர் நடுகல் பற்றிய துறைகளை அடுக்குங்கால் காட்சியை முதற்கண் வைத்தார். கால்கோளும் நீர்ப்படையும் அதன் பின்னரே வருகின்றன. கல்லைத் தேர்தல் முதலிற் கண்ணின் தொழில். இத்தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டெடுக்கப்பெற்ற தமிழி எழுத்து நடுகற்களை ஈண்டு நினைதல் தகும். நடுகல்லினின்று தோட்டச் சுவருக்குத் தாவுதல் மிகையெனச் சிலர் கூறலாம். யான் தொழிலின் தொடர்ச்சியை நிறுவ முயலவில்லை. சொல்லின் பொருளையே சுட்டுகின்றேன்.

கல்லின் இயல்பும் கருதற்குரியது. இம்மலைப்பகுதியில் நைசும் சார்னோக்கைட்டும் மிகுதி. நைசு படலம் பற்றிப் பிளக்கும். சார்னோக்கைட்டு அங்ஙனம் எளிதிற் பிளவாது. எல்லாவற்றையும் ஓரளவாக்கப் புகின் உளிவேலையும் கழிவுமே மிகும்.

ஒவ்வாமைக்கும் எல்லையுண்டு. மத்தியப் பொதுப்பணித் துறையினர் சாந்திட்ட ஒழுங்கற்ற கற்கட்டுக்கு வகுத்த விதிகளிற் கல்லின் நீளம் உயரத்தின் மும்மடங்கைக் கடத்தலாகாது. அகலம் சுவர்த் தடிப்பின் முக்காற்பங்கிற்கு மிகுதலும் 15 செ.மீ.க்குக் குறைதலும் ஆகா. இவற்றுள் ஒன்றொழிய ஏனைய விகிதங்களே என்பது நோக்கத்தக்கது. அரைச் சதுர மீட்டர் முகப்பிற்கு ஒன்றேனும் சுவரை ஊடுருவும் பிணைப்புக்கல் வேண்டும் என்பதும் அவ்விதி. சாந்தில்லாச் சுவருக்கோ அத்தகைய கல்லே உயிர். 'ஒரே அளவுக் கற்கள்' என ஒப்பந்தத்தில் எழுதுவோர், பிணைக்கும் நெடுங்கல்லையும் இடுக்கை இறுக்கும் சிறுகல்லையும் தாமே விலக்கிவிடுகின்றனர்!

ஐரோப்பிய நாடுகள் எட்டின் கல்லடுக்குக் கலையை 2018-இல் யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. போடிச் சரிவிற் களப்பணி செய்யும் மாணவர், கல்லின் நீள உயரங்களோடு, அதனை அடுக்குவோர் எடுத்த கல், தள்ளிய கல் ஆகியவற்றிற்கு வழங்கும் பெயர்களையும் குறித்து வருவாராக.