சீமைப் பீங்கானின் முதுகு

மண்ணால் வனைந்த கலங்களுக்குத் தமிழில் பானை, சட்டி, குடம், கலயம், தாழி என்று பழஞ்சொற்கள் நிறைய உண்டு. ஆனால் வெண்மையும் மெருகும் ஏறிய மண்கலத்தைச் சுட்டும் சொற்கள் பெரும்பாலும் கடல்வழி வந்தவை. பீங்கான் என்பது பாரசீகச் சொல்லின் திரிபு. கோப்பை போர்ச்சுக்கீசியரோடு வந்தது. செட்டிநாட்டு வீடுகளில் வழங்கும் மங்கு, கிண்ணத்தைக் குறிக்கும் மலாய்ச் சொல்லோடு உறவுடையது. சீமைத்துணி, சீமையெண்ணெய், சீமைச்சுண்ணாம்பு என்று அயல்நாட்டுச் சரக்குகளுக்கெல்லாம் தனி அடைமொழி கொடுத்துப் பிரித்துவைத்த தமிழ், பீங்கானை மட்டும் சீனத்திலிருந்து வந்தாலும் இங்கிலாந்திலிருந்து வந்தாலும் ஒல்லாந்திலிருந்து வந்தாலும் பெரும்பாலும் பீங்கான் என்றே அழைத்தது. எனவே ஒரே அலமாரியில் ஒரே பெயரோடு அடுக்கியிருக்கும் தட்டுகளை ஊர்வாரியாகவும் ஆண்டுவாரியாகவும் பிரிக்க விரும்புவோர்க்குப் பெயரும் துணைசெய்யாது, முகப்பில் உள்ள பூவேலையும் துணைசெய்யாது. தட்டைக் கவிழ்த்து அதன் முதுகைப் படிக்கத்தான் வேண்டும்.

இந்தப் படிப்பு தமிழகத்துக்குப் புதியதன்று. 1945இல் புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் அகழாய்வு நடத்திய மார்ட்டிமர் வீலர், இத்தாலியின் அரெஸ்ஸோ வகையைச் சேர்ந்த செந்நிற மெருகுக் கலங்களின் உடைசல்களில் வீபியே, காமுரி, இட்டா என்ற குயவர் முத்திரைகளைக் கண்டார்; ரோமானியத் தொல்லியலில் முன்பே காலம் கணிக்கப்பட்டிருந்த அவ்வகைக் கலங்களைக் கொண்டுதான் அதே மண்ணடுக்கில் கிடைத்த உள்ளூர்க் கலங்களுக்கும் அவர் காலம் வகுத்தார். தென்னிந்தியத் தொல்லியலின் கால அட்டவணை பெருமளவுக்கு இந்தச் சில்லுகளின் மேல் கட்டப்பட்டது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய இத்தாலியத் தட்டுக்குச் செய்ததையே இருநூறு ஆண்டுப் பழைமையுள்ள இங்கிலாந்துத் தட்டுக்கும் செய்யலாம். பின்னதற்குச் சான்றுகளும் ஏராளம்.

அச்சான்றுகளை அதிகமாகத் தாங்கி நிற்பது இரும்புக்கல் பீங்கான் எனப்படும் வகை. அதன் வரலாறு ஆர்க்காட்டுச் சீமையின் வரலாற்றோடு ஒட்டியும் வெட்டியும் ஓடுகிறது. ஆர்க்காட்டுக்குத் தெற்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் ஆரணிச் சாலையில் அமைந்த திமிரி, 1751 செப்டம்பரில் ஆங்கிலேய வரலாற்றாசிரியர்களின் பக்கங்களில் இடம்பெற்றது. ஆர்க்காட்டுக் கோட்டையைக் கைப்பற்றிய ராபர்ட் கிளைவ், அங்கிருந்து வெளியேறித் திமிரியருகே தண்டிறங்கியிருந்த படையின்மீது தம் சிறு படையை நடத்திச் சென்றார். அரை நூற்றாண்டு கழித்து, 1801இல், ஆர்க்காட்டு நவாபின் ஆட்சிப்பரப்பு முழுவதும் கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு வந்தது. 1813இல் இரண்டு காரியங்கள் நடந்தன: இந்திய வாணிகத்தில் கும்பினிக்கிருந்த தனியுரிமையைப் பிரித்தானிய நாடாளுமன்றம் நீக்கித் தனி வணிகர்களுக்குக் கதவைத் திறந்தது, இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயர் வட்டாரத்தில் சார்லஸ் ஜேம்ஸ் மேசன் என்ற இளைஞர் ‘இரும்புக்கல் சீனம்’ என்ற பெயரில் ஒரு பீங்கானுக்கு 14 ஆண்டுக் காப்புரிமை பெற்றார். இரண்டும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தது தற்செயல்தான். ஆயினும் இரண்டுக்கும் பின்னால் கும்பினியின் நிழல் உண்டு.

சார்லஸின் தந்தை மைல்ஸ் மேசன் லண்டனில் சீனப் பீங்கான் விற்றவர். கும்பினி 1791இல் சீனப் பீங்கானை மொத்தமாக வாங்கி இறக்குவதை நிறுத்தியபோது அவருடைய கடையின் ஊற்றுக்கண் அடைபட்டது. விற்பதற்குச் சரக்கில்லாத வணிகர் தாமே சரக்கைச் செய்யத் தலைப்பட்டார்; மகன் அதை ஒரு படி மேலே கொண்டுசென்றார். சீனப் பீங்கானைப் போல் ஒளி ஊடுருவாவிட்டாலும், சாதாரண மண்தட்டைப் போல் எளிதில் விளிம்பு உதிராத, கனமான, மலிவான ஒரு கலவையே அவர்களுக்குத் தேவைப்பட்டது. இரும்புக்கல்லின் கசடைப் பொடித்துச் சேர்ப்பதாகக் காப்புரிமைப் பத்திரம் கூறுகிறது. அந்தக் கசடு உண்மையில் எவ்வளவு சேர்ந்தது என்பதில் ஆய்வாளர்கள் ஐயப்படுகிறார்கள். வலிமையைக் குறிக்க இரும்பு, மதிப்பைக் குறிக்கச் சீனம் என்று இரண்டு சொற்களையும் கோத்த பெயர்தான் கலவையைவிடத் திறமையான கண்டுபிடிப்பு என்று சொல்லத் தோன்றுகிறது. டர்னர் குடும்பத்தார் 1800இலேயே இவ்வகைக் கல்பீங்கானுக்குக் காப்புரிமை பெற்றிருந்தனர். ஸ்போட் தொழிற்சாலையும் அதே காலத்தில் தன் கல்பீங்கானைச் செய்தது. ஆனால் பெயர் நின்றது மேசனுக்குத்தான்.

தட்டைக் கையில் எடுத்தவுடன் முதலில் தெரிவது எடை. விளக்கொளிக்கு எதிரே பிடித்தால் விரல்களின் நிழல் மறுபுறம் தெரியாது. இதுவே எலும்புச்சாம்பல் கலந்த மெல்லிய இங்கிலாந்துப் பீங்கானிலிருந்து இதைப் பிரிக்கும் எளிய சோதனை. சந்தையில் பானை வாங்குபவர் விரல்மடக்கால் தட்டிக் காது கொடுப்பதைப் போல் இதையும் தட்டிப் பார்க்கலாம்: மணியோசை போன்ற நீண்ட நாதம் எழுந்தால் உடல் நன்கு வெந்திருக்கிறது என்று பொருள்; ‘சொத்’தென்று ஓசை அறுந்தால் கண்ணுக்குத் தெரியாத மயிர்க்கீறல் எங்கோ இருக்கிறது. பின்புறத்தில் தட்டு ஊன்றி நிற்கும் வளையத்தின் பூச்சற்ற ஓரத்தில் ஒரு சொட்டு நீர் வைத்தால், சாதாரண மண்தட்டு அதை உறிஞ்சிக்கொள்ளும். இரும்புக்கல் பீங்கானில் அது பெரும்பாலும் அப்படியே நிற்கும். அந்த வளையத்தின் உட்கோணத்தில் மெருகுப்பூச்சு தேங்கிய இடம் சற்றே நீலம் பாய்ந்திருக்கக் காணலாம்; களிமண்ணின் மஞ்சள் சாயலை மறைக்கக் நீலநிறம் தரும் கோபால்ட்டைச் சிறிதளவு சேர்ப்பது அக்காலத்து உத்தி. சூளையில் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க இடையில் வைத்த முக்காலிகளின் கூர்முனைகள் பதிந்த மூன்று சிறு புள்ளிகளும் அங்கே கிடைக்கும். புதிதாக விற்கும் போலிகளில் இந்தப் புள்ளிகள் இல்லாமலிருப்பதும், விளிம்பில் மட்டும் செயற்கையாகப் பழுப்பேற்றியிருப்பதும் உண்டு.

இத்தனைக்கும் பிறகே முத்திரை. மேசன் தொடக்கத்தில் தம் பெயரையும் காப்புரிமை வாசகத்தையும் ஈரமண்ணில் அழுத்திப் பதித்தார். பின்னர் முடியொன்றும் அதன்கீழ்ச் சுருண்ட நாடாவுமாக அமைந்த அச்சு முத்திரை வந்தது. 1848இல் அவர் நொடித்துப்போனபோது அச்சுகளும் வடிவங்களும் பிரான்சிஸ் மார்லி என்பவரிடம் சென்று, 1860களின் தொடக்கத்தில் ஆஷ்வொர்த் சகோதரர்களை அடைந்தன. அவர்கள் அதே முடியையும் நாடாவையும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பயன்படுத்தியதால், மேசன் பெயரைக் கண்ட மாத்திரத்தில் தட்டு மேசன் காலத்தது என்று முடிவுகட்டுவது சேகரிப்போர் செய்யும் முதற்பிழை. பெயரைவிட நம்பத்தக்கவை, குயவர் விரும்பிப் போடாமல் சட்டத்துக்காகப் போட்ட குறிகளே. வடிவமைப்புகளைப் பதிவுசெய்யும் சட்டத்தின்படி 1842 முதல் 1883 வரை சாய்சதுர வடிவில் ஒரு குறி பொறிக்கப்பட்டது. அதன் தலையிலுள்ள ரோமன் எண் நான்கு மண்கலப் பிரிவைக் குறிக்கும். 1867 வரை ஆண்டைக் குறிக்கும் எழுத்து மேல்முனையிலும், 1868 முதல் வலமுனையிலும் இருக்கும். இக்குறி வடிவம் பதிவான நாளைத்தான் சொல்லுமே ஒழிய, தட்டு சூளையிலிருந்து இறங்கிய நாளைச் சொல்லாது; ஒரு வடிவம் பிடித்துப்போனால் பல ஆண்டுகள் தொடர்ந்து செய்வார்கள். 1884இல் சாய்சதுரம் கைவிடப்பட்டு வரிசை எண் வந்தது; 1900 தொடங்கும்போது அது மூன்றரை இலட்சத்தைத் தாண்டியிருந்தது. அமெரிக்காவின் மெக்கின்லி சுங்கச் சட்டம் பொருள் விளைந்த நாட்டின் பெயரை அதன்மேல் எழுதவேண்டும் என்று விதித்ததால், 1891 முதல் ‘இங்கிலாந்து’ என்ற சொல் பரவலாகச் சேர்ந்தது. ‘இங்கிலாந்தில் செய்தது’ என்ற முழுத்தொடர் பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டுக்குரியது. பிரித்தானிய அரச இலச்சினையை முத்திரையாக்கிக்கொண்ட குயவர்களும் பலர். அந்த இலச்சினையின் நடுவே ஒரு சிறு கேடயம் இருந்தால் வடிவம் 1837க்கு முந்தியது. அவ்வாண்டில் விக்டோரியா பட்டமேறியபோது, பெண்ணுக்கு வாரிசுரிமை தராத ஹானோவர் நாடு பிரித்தானிய முடியிலிருந்து பிரிந்ததால் அந்தக் கேடயம் நீங்கியது. ஆக, ஓர் அரச குடும்பத்தின் சொத்துப் பிரிவினைகூடச் சோற்றுத்தட்டின் முதுகில் பதிவாகியிருக்கிறது.

இத்தட்டுகள் தமிழகத்தை அடைந்த வழி படைவீடுகளின் வழி. வேலூர்க் கோட்டையிலும் பாலாற்றுக்கு அக்கரையில் ஆர்க்காட்டை நோக்கி அமைந்த இராணிப்பேட்டையிலும் தங்கிய வெள்ளை அதிகாரிகளுக்குக் கனத்த, எளிதில் உடையாத தட்டு மிகவும் ஏற்றது. மாட்டுவண்டியில் பயணம் செய்த மெல்லிய பீங்கான் எத்தனை முழுதாக வந்துசேரும் என்பது சொல்லாமலே விளங்கும். 1856 ஜூலையில் தென்னிந்தியாவின் முதல் பயணியர் இருப்புப்பாதை இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்டதும், சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய பெட்டி ஒரே நாளில் ஆர்க்காட்டுப் பக்கம் வந்துவிடும் நிலை ஏற்பட்டது. அதே பாதையில் எதிர்த்திசையில் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்துப் பதனிட்ட தோல் சென்னைக்கும் அங்கிருந்து லண்டன் ஏலங்களுக்கும் போனது. துரைமார் ஊரைவிட்டுப் போகும்போது வீட்டுச்சாமான்களை ஏலம் விடுவது அந்நாளைய வழக்கமாதலால், தட்டுகள் முதல் உரிமையாளரோடு திரும்பிச் செல்லாமல் இங்கேயே கைமாறின; நிறைவான விருந்துத்தொகுதிகள் அரிதாகவும் ஒற்றைத் தட்டுகள் மிகுதியாகவும் கிடைப்பதற்கு இது ஒரு காரணமாகலாம்.

ஓவியத்தைப் பொறுத்தவரை சரக்கு இரு திசைகளிலும் பயணித்தது. தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 1792–93இல் தென்னிந்தியாவைச் சுற்றி வரைந்த காட்சிகள் லண்டனில் அச்சுப்படங்களாக வெளியாயின. செப்புத்தகட்டில் செதுக்கிய படத்தை மெல்லிய தாளில் ஒற்றி அதைத் தட்டின்மேல் ஒட்டி எடுக்கும் உத்தியைக் கையாண்ட லிவர்பூலின் ஹெர்குலேனியம் தொழிற்சாலை, அப்படங்களுள் மதுரைக் கோட்டைக் காட்சியை நீலநிறத்தில் தட்டுகளில் பொறித்தது. இவை இரும்புக்கல் வகையல்ல, அதற்கு உடன்காலத்து நீலவெள்ளை மண்தட்டுகள். மதுரையைக் கண்ணால் காணாத ஆங்கிலக் குடும்பங்கள் மாட்டிறைச்சிக்கு அடியில் நாயக்கர் காலத்து மதுரையைப் பார்த்துக்கொண்டிருந்தன என்பதில் ஒரு வேடிக்கை இருக்கத்தான் செய்கிறது. தாள் ஒட்டிய இடத்தில் இரு முனைகள் சரியாகப் பொருந்தாத இணைப்புக்கோடு விளிம்புப் பூவேலையில் தெரிந்தால், அது குறையன்று. கையால் ஒட்டியதற்கான சான்று.

தமிழ் இல்லங்கள் பலவற்றில் இத்தட்டு உண்ணும் கலமாகவில்லை. மண்கலம் ஒருமுறை எச்சில்பட்டால் கழுவினாலும் தீட்டு நீங்காது, உலோகத்தைப் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கினால் நீங்கும் என்ற ஆசாரத்தில், எவ்வளவு மெருகேறினாலும் பீங்கான் மண்கலமாகவே கருதப்பட்டது. அதே வீடுகளில் ஊறுகாய்க்கு மட்டும் பீங்கான் சாடி தடையின்றி நுழைந்தது. எலுமிச்சையும் உப்பும் பட்டால் பித்தளை களிம்பேறும், பீங்கானுக்கு ஒன்றும் ஆகாது என்ற அடுக்களை அறிவு ஆசாரத்துக்குக் குறுக்கே நிற்கவில்லை. இஸ்லாமியக் குடும்பங்களுக்கு இத்தடை இல்லை. சஹன் எனப்படும் பெருந்தட்டைச் சுற்றி நால்வர் அமர்ந்துண்ணும் வழக்கமுடைய தமிழ் முஸ்லிம் வீடுகளில் அகன்ற பீங்கான் தட்டுக்கு இயல்பான இடமிருந்தது. செட்டிநாட்டில், பர்மாவிலும் மலாயாவிலும் வட்டித்தொழில் செய்தவர்கள் கொண்டுவந்த மங்குச் சாமான்கள் பெண்ணுக்குத் தரும் சீரில் எண்ணிக்கையோடு அடுக்கப்பட்டன. காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் இன்று சீமைத்தட்டு என்று விலைசொல்லப்படுபவற்றுள் சிலவற்றின் முதுகில் ஒல்லாந்தின் மாஸ்ட்ரிக்டைச் சேர்ந்த பெட்ருஸ் ரெகூட்டின் ஸ்பிங்ஸ் சின்னமோ, தென்கிழக்காசியச் சந்தைக்கென்றே தட்டுகள் செய்த கிளாஸ்கோவின் பெல் நிறுவனத்தின் பெயரோ இருக்கக்கூடும். அவை இங்கிலாந்தின் சரக்கல்ல என்பதால் மதிப்புக் குறைந்துவிடாது. ரங்கூன் வழியாகக் காரைக்குடி வந்த ஒல்லாந்துத் தட்டு, லண்டனிலிருந்து நேரே வந்த தட்டைவிடத் தமிழர் வரலாற்றை அதிகம் சொல்லும்.

வெளுத்த பீங்கானை உள்ளூரில் செய்யும் முயற்சியும் இல்லாமலில்லை. 1850இல் சென்னையில் கலைப்பள்ளியைத் தொடங்கிய மருத்துவர் அலெக்சாண்டர் ஹன்டர், சென்னை மாகாணத்தின் களிமண் வகைகளைச் சோதித்து மெருகுக் கலங்கள் செய்வித்தார். ஆயினும் ஆர்க்காட்டு வட்டாரத்தில் பீங்கான் பெருந்தொழிலாக வேரூன்றியது சாப்பாட்டுத் தட்டின் வழியாக அன்று. 1906இல் இராணிப்பேட்டையில் உரத்தொழிற்சாலை நிறுவிய பாரி நிறுவனம், 1952இல் அங்கேயே கழிப்பறை, குளியலறைப் பீங்கான் பொருள்களைச் செய்யத் தொடங்கியது. கண்ணாடித்தன்மை ஏறும்வரை சுட்டு நீரை உறிஞ்சாதபடி செய்யும் அந்த உடல், இரும்புக்கல் பீங்கானுக்கு உறவுடையது. திமிரியிலிருந்து பாலாற்றைக் கடந்தால் எட்டிவிடும் தொலைவில் அது வார்க்கப்பட்டது. அவற்றில் செய்தவர் பெயர் முதுகில் ஒளிந்திருப்பதில்லை. கைகழுவும் தொட்டியின் முன்விளிம்பில், குழாயைத் திறப்பவர் கண்ணில் படும் இடத்தில், மெருகுக்கு அடியில் நீல எழுத்தில் நிற்கும்.