தண்டிலிருந்து தாதகுணி வரை: பெங்களூரின் ஓர் இருபாலர் உறைவிடப் பள்ளி

பெங்களூரில் உறைவிடக் கல்வி தண்டில் வேர்விட்டது. 1809இல் ஆங்கிலேயப் படை இங்கு நிலைகொண்டபின், அதன் பின்னாலேயே சென்னை மாகாணத்திலிருந்து வந்த தமிழர்கள் அல்சூரிலும் இன்றைய சிவாஜிநகர்ப் பகுதியிலும் குடியேறினர். கட்டடம் எழுப்பியவர்களும், சமைத்தவர்களும், சுமை தூக்கியவர்களும் அவர்களுள் பலர். அதே தண்டில் 1865இல் பிஷப் காட்டன் பள்ளியும் 1880இல் பால்ட்வின் பள்ளியும் தோன்றின. 1857க்குப் பிறகு, இந்தியாவில் வாழ்ந்த ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் வேண்டுமென வற்புறுத்தியவர் பிஷப் ஜார்ஜ் காட்டன். இவ்விரு நிறுவனங்களிலும் ஆண் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி, பெண் பிள்ளைகளுக்கு வேறொரு பள்ளி என்பதே நிலைத்த ஏற்பாடாயிற்று. மணி, அணிவகுப்பு, பரிசுக் கோப்பை ஆகியவை விடுதி வாழ்வின் இலக்கணமாயின. அந்த இலக்கணத்தை மறுத்த பள்ளி இந்நகரின் ஓரத்தில் எழுவதற்கு இன்னும் ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

அதன் மூலத்தைத் தேடினால் சென்னைக்கே வரவேண்டும். 1918இல் அன்னி பெசன்ட் அம்மையாரின் முயற்சியால் கிண்டியில் தொடங்கிய பள்ளி, 1931இல் மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷி வேலிக்கு இடம்பெயர்ந்தது. ஜி.வி. சுப்பாராவ் அதன் தலைமையை ஏற்றார். மதனப்பள்ளி, ஜே. கிருஷ்ணமூர்த்தி 1895இல் பிறந்த ஊர். தம்மை உலக ஆசானாக அறிவிப்பதற்கென்றே அமைக்கப்பட்ட விண்மீன் சங்கத்தை 1929இல் கலைத்துவிட்டவர் அவர். சீடர் வேண்டாம் என்றவர் பள்ளிகளை மட்டும் கைவிடவில்லை என்பது சிந்திக்கத்தக்கது. அவருடைய கருத்தில் ஒப்பீடு அச்சத்தைப் பிறப்பிக்கும். அச்சம் குடிகொண்ட மனம் கற்காது. மதிப்பெண்ணும் பரிசும் தண்டனையும் வெவ்வேறு பெயர் பூண்ட ஒரே கருவி.

1978இல் கிருஷ்ணமூர்த்தி அறக்கட்டளை பெங்களூரின் தெற்கே, கனகபுரா சாலையில் தாதகுணியை ஒட்டி, வேலி ஸ்கூலைத் தொடங்கியது. அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாளன்றுதான் கிருஷ்ணமூர்த்தி தம் பள்ளிகள் அனைத்துக்குமாகக் கடிதங்கள் எழுதத் தொடங்கினார். நூறு ஏக்கருக்கும் மிகுந்த பரப்பில் புதர்க்காடும் நீர்நிலையும் கொண்ட வளாகம் அது. (ஓவியர் ஸ்வேதோஸ்லாவ் ரோரிக்கும் நடிகை தேவிகா ராணியும் வாழ்ந்த தோட்டம் அதே வட்டாரத்தில்தான் உள்ளது.) வீட்டிலிருந்து வந்துசெல்லும் மாணவர்களும் விடுதி மாணவர்களும் ஒன்றாகப் படிக்கும் பள்ளி இது, முழுமையான உறைவிடப் பள்ளி அன்று. இளநிலை வகுப்புகளில் வயதுவாரியாகப் பிரிக்காமல் பல வயதுக் குழந்தைகளை ஒரே குழுவில் அமர்த்தினர். மூத்த குழந்தை இளைய குழந்தைக்குச் சொல்லித்தருவது அங்கே ஒழுங்குமீறல் ஆகாது, பாடத்தின் பகுதி. கலைக்கிராமம் என்னும் இடத்தில் ஆணும் பெண்ணும் மண் பிசைந்தனர், தறி நெய்தனர், மரம் இழைத்தனர். தண்டுப் பள்ளிகள் இருபாலரைப் பிரித்து வைத்தே ஒழுக்கம் கற்பித்தன. இங்கோ சேர்ந்து வாழ்வதே பாடமாயிற்று. ஆசிரியர் வகுப்பு முடிந்ததும் மறைந்துவிடுபவர் அல்லர். உணவிலும் நடையிலும் மாலை உரையாடலிலும் உடனிருப்பவர்.

ஆனால் பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டிலும் ஐ.சி.எஸ்.இ., ஐ.எஸ்.சி. பொதுத் தேர்வுகள் காத்திருக்கின்றன. பல்லாண்டுகள் தரவரிசையே அறியாது வளர்ந்த பிள்ளை, இறுதியில் நாடு முழுவதற்கும் பொதுவான அளவுகோலின்முன் நிற்கிறது. இந்த முரணைப் பள்ளி தீர்க்கவில்லை, தாங்கிக்கொண்டது. இங்கிருந்து பிரிந்த ஆசிரியர் சிலர் 1990இல் சென்டர் ஃபார் லேர்னிங் என்னும் சிறு பள்ளியைத் தொடங்கினர். பின்னாளில் அது மாகடி வட்டத்து வரதேனஹள்ளியில் நிலைகொண்டது. தலைமையாசிரியர் என்ற பதவியே அங்கில்லை. முடிவுகள் கூடிப் பேசி எடுக்கப்படுகின்றன.

இவ்வாறு அச்சத்தைக் களைந்த கல்வி, கட்டணம் செலுத்த இயன்றவர்க்கே பெரும்பாலும் கிட்டியது என்பதை மறைப்பதற்கில்லை. பயிற்றுமொழியும் ஆங்கிலம். வேலிக்கு வெளியே கன்னடமும் தெலுங்கும் பேசிய கிராமத்துக் குழந்தைகள் இருந்தனர்.

அவர்களை நோக்கித் திரும்பியவருள் முதன்மையானவர் டேவிட் ஹார்ஸ்பரோ. ரிஷி வேலியில் ஆசிரியராக இருந்த அவர், 1972இல் கோலார் மாவட்டத்தில் நீல்பாக் என்ற பள்ளியைக் கிராமத்துப் பிள்ளைகளுக்காகத் தொடங்கினார். தேர்வு இல்லை, தண்டனை இல்லை, ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் கற்கலாம். 1984இல் அவர் மறைந்தார். அவரிடம் ஊக்கம் பெற்ற பத்மநாப ராவ், ரமா இணையர் ரிஷி வேலியைச் சுற்றியிருந்த சிற்றூர்களில் ஓராசிரியர் பள்ளிகளைத் தொடங்கி, தெலுங்கில் கற்றல் அட்டைகளையும் கற்றல் ஏணியையும் உருவாக்கினர்.

அந்த ஏணி தமிழுக்கு வந்த வழி நம்மில் பலர் அறியாதது. வேலூரில் கொத்தடிமை முறையிலிருந்து மீட்கப்பட்ட குழந்தைகளின் பள்ளிகளுக்கு ரிஷி வேலி முறையை நாடிய ஆட்சிப்பணி அலுவலர் எம்.பி. விஜயகுமார், சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது, 2003இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் அதைச் செயல்வழிக் கற்றலாக அறிமுகப்படுத்தினார். 2007-08இல் அது மாநிலம் முழுவதும் தொடக்க வகுப்புகளில் பரவியது. குழந்தைகள் பாயில் குழுக்களாக அமர்ந்தனர். கரும்பலகை அவர்கள் கைக்கு எட்டும் உயரத்துக்கு இறங்கியது. ஆசிரியரும் நாற்காலியை விட்டுத் தரையில் அமர்ந்தார். அன்று பள்ளியில் படித்தவர்களுக்கு அட்டைகளின் விலங்குச் சின்னங்கள் இன்னும் நினைவிருக்கும்.

எனினும் கடந்து வந்தது முழுமையன்று. அட்டை வந்தது, ஏணி வந்தது. குழந்தையும் ஆசிரியரும் சேர்ந்து உண்டு, நடந்து, பேசிக் கழிக்கும் நாள் வரவில்லை. ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்புகளையும் பதிவேடுகளையும் சுமக்கும் ஒருவரிடம் அந்த நாளை எதிர்பார்ப்பதும் நியாயமன்று. ஆணையால் அனுப்பக்கூடியது கருவி மட்டுமே. கருவி மட்டும் வந்த பல இடங்களில் அட்டையை வரிசையாக முடிப்பதே புதிய மனப்பாடமாகிப் போனது. செயல்வழிக் கற்றல் பின்னர் படிப்படியாகப் பின்வாங்க, 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என அதிலும் குழந்தைகள் வயதால் அன்றி, கற்ற நிலையால் குழுவாகின்றனர்.