வீட்டு மாதிரி ரயில்பாதை: திருவனந்தபுரம் வட்டாரம்

மாதிரி ரயில்பாதை என்பது உண்மையான ஒரு ரயில் தடத்தை, அதைச் சூழ்ந்த மலை, பாலம், ஸ்டேஷன், மரங்களோடு சேர்த்து ஒரே விகிதத்தில் சுருக்கி, ஓடும் வண்டிகளுடன் அமைப்பது. ஆட்கள் ஏறிச் செல்லும் குட்டி ரயில் இதில் சேராது. திருவனந்தபுரம் வேளி சுற்றுலாக் கிராமத்தில் 2020 நவம்பரில் தொடங்கிய சூரிய மின்சார ரயில் அந்த வேறு வகை. இந்தியாவில் மக்கள் நேரில் பார்க்கக்கூடிய மாதிரி அமைப்புகளில் முக்கியமானது புனேயில் உள்ளது. பி. எஸ். ஜோஷி உருவாக்கிய அந்தச் சிறு ரயில் அருங்காட்சியகம் 1998-இல் திறக்கப்பட்டது.

கேஜ் சிக்கல்

உலகெங்கும் அதிகம் விற்பது 1:87 விகிதமான எச்ஓ. அடுத்தது 1:160 விகிதமான என். முதலாவதன் தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ., இரண்டாவதன் இடைவெளி 9 மி.மீ. இரண்டுமே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள 1435 மி.மீ. பாதையைக் கணக்கிட்டு வந்தவை. இந்திய பிராட் கேஜின் அகலமோ 1676 மி.மீ. அதை 87-ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. வரும். கடையில் வாங்கும் எச்ஓ தண்டவாளத்தில் நம் ஊர்ப் பெட்டியை வைத்தால், அகன்ற பெட்டிக்குக் கீழே சக்கரங்கள் ஒடுங்கித் தெரிவது இதனால்தான். வளைவிலும் தொல்லை உண்டு. 21.3 மீட்டர் நீளமுள்ள ஐசிஎஃப் வகைப் பயணிகள் பெட்டி 1:87-இல் 24.5 செ.மீ. ஆகிறது. அது கண்ணை உறுத்தாமல் திரும்ப வேண்டுமென்றால் 60 செ.மீ. ஆரமாவது வேண்டும், நாலடி அகல பிளைவுட்டில் அந்த வட்டம் விளிம்பை முட்டிவிடும்.

மீட்டர் கேஜுக்கு இந்தச் சிக்கல் அநேகமாக இல்லை. 1000 மி.மீ.யை 87-ஆல் வகுத்தால் 11.5 மி.மீ. சுவிட்சர்லாந்தின் மீட்டர் கேஜ் மலைப்பாதைகளை மாதிரியாக்குவோருக்காக 12 மி.மீ. தண்டவாளம் நெடுங்காலமாகத் தயாராகிறது. 1:160-இல் 6.25 மி.மீ. வரும், அதற்கு 1:220 விகிதத்துக்கான 6.5 மி.மீ. தண்டவாளம் கைகொடுக்கும். சிறிய அறையில் தென்னாட்டு ரயிலை உண்மைக்கு நெருக்கமாகக் காட்ட நினைப்பவர் மீட்டர் கேஜைத் தேர்வதே சரி. அதற்குத் திருவனந்தபுரத்துக்காரர் தொலைதூரம் போய்த் தேட வேண்டியதில்லை.

கொல்லம்–செங்கோட்டைப் பாதை

1904-இல் திறக்கப்பட்ட கொல்லம்–செங்கோட்டை மீட்டர் கேஜ்தான் திருவிதாங்கூருக்கு முதலில் வந்த ரயில். அதன் நீட்சியாக 1918-இல் கொல்லத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குப் பாதை வந்தது. 1931-இல் நகருக்குள் தம்பானூர் ஸ்டேஷன் வரை நீண்டது. கொல்லம்–திருவனந்தபுரம் பகுதி 1976-இல் பிராட் கேஜ் ஆனது. மலைப்பகுதியான புனலூர்–செங்கோட்டையில் 2010 வரை மீட்டர் கேஜ் வண்டி ஓடியது. அகலப்படுத்திய பாதை 2018-இல் முழுவதும் திறக்கப்பட்டது. பழைய வண்டியில் போனவர்கள் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் இன்னும் ஏராளம் இருப்பதால், நினைவிலிருந்தும் குடும்பப் புகைப்படங்களிலிருந்தும் விவரம் திரட்ட முடியும். எந்த மாதிரிக்கும் இதைவிட நல்ல அடிப்படை கிடையாது.

மாதிரி அமைப்பவருக்கு இப்பாதையின் பெரிய கொடை, பகவதிபுரத்துக்கும் ஆரியங்காவுக்கும் இடையிலுள்ள நீண்ட சுரங்கம். ஒரு வாய் தமிழ்நாட்டிலும் மறுவாய் கேரளத்திலும் இருக்கிறது. பலகையின் நடுவில் மலையை எழுப்பி, அதற்குள் இரண்டு மூன்று லூப் லைன்களை மறைத்துவிட்டால், செங்கோட்டைப் பக்கம் நுழைந்த வண்டி உள்ளே சற்று நின்று, பிறகு ஆரியங்காவுப் பக்கம் வெளிவரும். செங்கோட்டைப் பக்கம் நெல் வயலும் பனையும். ஆரியங்காவுப் பக்கம் ஈரக் காடும் ரப்பர் தோட்டமும். மஞ்சள் பெயர்ப்பலகையில் தமிழ் இருந்த இடத்தில் மலையாளம் வரும். இரண்டு அடி தூரத்தில் நிலமும் மொழியும் மாறுவதைக் காட்டும் வாய்ப்பு வேறு பாதைகளில் அரிது. மலையின் பின்புறம் கை நுழையும் அளவு திறப்பு கட்டாயம் விட வேண்டும். வண்டி தடம் புரள்வது பெரும்பாலும் உள்ளேதான்.

கழுதுருட்டி அருகிலுள்ள பதின்மூன்று கண் பாலம் சுமார் 100 மீட்டர் நீளம். 1:87-இல் அது 115 செ.மீ.; 1:160-இல் 63 செ.மீ. இடம் போதாது என்று கண்களை ஏழாகவோ ஐந்தாகவோ குறைப்பவர்கள் உண்டு. ஸ்டேஷன் யார்டைக் குறுக்கலாம், மலையைக் குறுக்கலாம். இந்தப் பாலத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது. பதின்மூன்றும் இருந்தால்தான் அது அந்தப் பாலம். சன்போர்டில் வளைவுகளை வெட்டி, மேலே மெல்லிய புட்டி பூசி, அரை ஈரத்தில் ஊசியால் கல் வரிசைகளைக் கீறினால் கருங்கல் கட்டு கிடைக்கும்.

பலகையும் மழையும்

கேரளத்தின் ஈரக்காற்றில் மரம் உப்பிச் சுருங்கும். தண்டவாளம் விலகுவதற்கு முதல் காரணம் அதுதான். சாதாரண பிளைவுட்டைத் தவிர்த்து 12 மி.மீ. மரைன் பிளை வாங்கி, அடிப்புறமும் வெட்டிய ஓரங்களும் உட்பட எல்லாப் பக்கமும் பிரைமர் அடிக்க வேண்டும். கரையானுக்காகச் சட்டத்தைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்துவது நல்லது. பித்தளைத் தண்டவாளம் கடற்காற்றில் விரைவில் மங்கி மின்சாரத்தைத் தடுக்கும். நிக்கல் சில்வர் அதைவிட நெடுநாள் தாங்கும்.

ஜல்லிக்குக் கோவளம் கடற்கரையின் கருமணலை அள்ளுவது பெரும் தவறு. அதில் இல்மனைட் போன்ற, காந்தத்துக்கு இழுபடும் தாதுக்கள் உண்டு. எஞ்சின் மோட்டாரின் காந்தம் அந்தத் துகளை உள்ளே இழுத்துப் பல்சக்கரங்களை அரைத்துவிடும். போதாததற்கு உப்பும் இருக்கிறது. கருங்கல் குவாரித் தூளைச் சலித்துக் கழுவி, எந்தத் தூளானாலும் மேலே ஒரு காந்தத்தை நகர்த்திப் பார்த்த பிறகே பயன்படுத்த வேண்டும். நீர் கலந்த ஃபெவிக்காலைச் சொட்டு சொட்டாக விட்டால் ஜல்லி அப்படியே இறுகும்.

மண்ணுக்குச் செம்மண் தூள், காட்டுத் தரைக்குத் தென்னை நார்க்கழிவு. நார்க்கழிவு ஈரத்தை உறிஞ்சிப் பூஞ்சை பிடிக்கும் என்பதால் மார்ச், ஏப்ரல் வெயிலில் நன்றாகக் காயவைத்து ஒட்டி, மேலே மங்கலான வார்னிஷ் தெளிக்க வேண்டும். கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் மரங்களில் பனைவகை என்றால் பேரீச்சைச் சாயல்தான் இருக்கும். தென்னைக்குச் செம்புக் கம்பியை முறுக்கி, அடி பருத்து உடல் லேசாகச் சாயும்படி வளைத்து, ஓலைக்குத் தாளை நடு நரம்போடு மடித்துக் கத்திரிக்கோலால் இருபுறமும் கீற்றாக நறுக்க வேண்டும். ரப்பர் மரங்கள் நேர் வரிசையில் நிற்பவை. பால் பிடிக்கும் சிரட்டை 1:87-இல் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல்தான். அரை கடுகுக்குக் கறுப்பு மை பூசி, உள்ளே வெள்ளைப் புள்ளி வைத்தால் தண்டில் அதுவே சிரட்டை.

மின்சாரம்

பெரும்பாலான வண்டிகள் 12 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடும். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் செட்டில் டிரான்ஸ்ஃபார்மர் அமெரிக்காவின் 120 வோல்ட்டுக்கோ ஜப்பானின் 100 வோல்ட்டுக்கோ ஆனதாக இருக்கலாம். நம் 230 வோல்ட்டில் செருகினால் எரிந்துவிடும். இணைப்புத் தகடுகளை நம்பாமல் ஒவ்வொரு மீட்டருக்கும் தண்டவாளத்தில் ஒரு கம்பியைப் பற்றவைத்து, பலகைக்கு அடியில் ஓடும் தடித்த கம்பியோடு சேர்ப்பது மழைநாட்டுக்கு அவசியம். ஜூன் முதல் நவம்பர் வரை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் தண்டவாளத்தையும் சக்கரங்களையும் துடைக்க வேண்டும். மாதக்கணக்கில் ஓடாமல் மூடி வைத்த பாதையைவிட, வாரம் ஒருமுறையாவது வண்டி ஓடும் பாதை சுத்தமாக இருக்கும்.