தனியார் மின்னணு ஆவணங்களும் தேசிய ஆவணக் காப்பகமும்

1891ஆம் ஆண்டு கல்கத்தாவில் தோற்றுவிக்கப்பெற்ற அரசு ஆவணத் துறையே இன்று புதுதில்லியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகமாக விளங்குகிறது. அரசுக் கோப்புகளுடன் இராசேந்திர பிரசாத் போன்றோரின் சொந்த ஆவணங்களையும் அது பேணி வருகிறது. 1993ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டம், மைய அரசும் அதனைச் சார்ந்த அமைப்புகளும் கணினிவழி உருவாக்குவனவற்றையும் பொது ஆவணம் என ஏற்றது. தனியார் ஆவணங்களைப் பொறுத்தவரை, அவற்றைக் கொடையாகவோ விலைக்கோ பெறலாம் என்ற அளவிலேயே அச்சட்டம் நிற்கிறது.

கடிதங்கள் பெட்டியில் நெடுநாள் கிடந்தும் வாரிசுகளால் கண்டெடுக்கப்பெற்றன. கடவுச்சொல் அறியப்படாத மின்னஞ்சலுக்கும், படிக்கும் கருவி வழக்கொழிந்த நெகிழ்வட்டுக்கும் அவ்வாய்ப்பு அரிது. ஆதலின், தனியார் மின்னணு ஆவணங்களை உரியவர் வாழுங்காலத்திலேயே அவர்தம் இசைவுடன் பெறுதல் காப்பகத்தின் கடமையாதல் வேண்டும். இன்றேல் இக்கால வரலாறு அரசுக் கோப்புகளின் குரலாக மட்டுமே எஞ்சும்.