பெருக்க மரத்தடியில் ஆப்பிரிக்கா

ஆப்பிரிக்காவில் ஏதாவது ஒரு ஊருக்கு ஒருக்கா போகவேண்டும் என்று எனக்குக் கன நாளாக ஆசை. சிங்கம் பார்க்கிற சஃபாரி இல்லை. செனகலிலோ மொசாம்பிக்கிலோ டூரிஸ்ட்டுகள் பெரிதாக எட்டிப் பார்க்காத ஒரு கரையோரக் கிராமம். அங்கே என்ன சமைக்கிறார்கள், என்ன பாடுகிறார்கள், பழைய கதைகளை எப்படிச் சொல்கிறார்கள் என்று சும்மா பார்த்துவிட்டு வரவேண்டும். டிக்கெட் விலையைப் பார்த்தபிறகு ஆசையை மடித்து வைத்துவிட்டு, யாழ்ப்பாணத்தில் மன்னார் பஸ் ஏறினேன்.

பகிடி இல்லை. சங்குப்பிட்டிப் பாலம், பூநகரி, பிறகு வெட்டவெளி, உப்புக் காற்று, கடைசியில் தீவுக்குள் போகிற நீளப் பாலம். பாலம் முடிகிற இடத்தில் கோட்டை. போர்த்துக்கேயர் 1560-இல் கட்டியது, 1658-இல் ஒல்லாந்தர் கைப்பற்றியது. டவுனுக்குள் கால் வைத்தவுடன் கழுதைகள். ரோட்டின் நடுவில், கடை வாசலில், பஸ் ஸ்ராண்ட் நிழலில் என்று யாருக்கும் சொந்தமில்லாமல், யாரைப் பற்றியும் கவலையில்லாமல் நிற்கின்றன. அரபு வணிகர்கள் பொதி சுமக்கக் கொண்டுவந்த கழுதைகளின் வாரிசுகள் இவை என்று ஊரில் சொல்கிறார்கள்.

ஓட்டோக்கார அண்ணையிடம் "பள்ளிமுனை மரத்தடிக்கு" என்றேன். எந்த மரம் என்று அவர் கேட்கவில்லை.

மரத்தைப் பார்த்ததும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. யாரோ யானையை நட்டு வைத்து, தலையில் நாலு கொப்பைச் செருகிவிட்டது போல இருந்தது. உயரம் ஏழரை மீற்றர்தான், ஆனால் சுற்றளவு பத்தொன்பதரை மீற்றர். பன்னிரண்டு பேராவது கைகோத்து நின்றால்தான் கட்டிப்பிடிக்கலாம். மன்னாரில் இதற்குப் பெயர் பெருக்க மரம். ஆங்கிலத்தில் பேயோபாப். சொந்த ஊர் ஆப்பிரிக்கா.

1477-இல் நடப்பட்டதாக நம்பப்படுகிறது. பேயோபாப்பின் வயதைக் கணிப்பது லேசான வேலை இல்லை. வயது போகப் போக நடுமரம் கோறையாகிவிடும், எண்ணுவதற்கு வளையம் மிஞ்சாது. ஆனால் அந்த ஆண்டு சரியென்றே வைத்துக்கொண்டால் ஒரு விஷயம் தெளிவாகிறது. வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக்கு வந்தது 1498-இல். போர்த்துக்கேயர் இலங்கையைத் தொட்டது 1505-இல். அப்படியென்றால் மரம் அவர்களுக்கு முந்தியது. ஐரோப்பியக் கப்பல் எதுவும் வருவதற்கு முன்பே ஆப்பிரிக்காவும் மன்னாரும் ஒன்றையொன்று அறிந்திருக்கின்றன.

இது நம்ப முடியாத விஷயம் இல்லை. தீவுக்கு எதிரே, பெருநிலத்தில் இருக்கிறது மாதோட்டம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் இருக்கிற இடம். சிங்கள வரலாற்று நூல்களில் மகாதித்த, தொல்லியலாளர்களுக்கு மாந்தை. 1980-களின் தொடக்கத்தில் ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் அங்கே அகழ்ந்தார்கள். சீனப் பீங்கானும் மேற்காசிய மட்பாண்டமும் ஒரே மண்ணில் கிடைத்தன. 1984-உடன் அந்த அகழ்வு போரில் நின்றுபோனது. போர் முடிந்த கையோடு மறுபடி தோண்டி, மண்ணைச் சலித்து, கருகிய தானியங்களை நுணுக்கிப் பார்த்தார்கள். நெல்லும் பயறும் மட்டுமல்ல, கோதுமை, திராட்சை விதை, மிளகு, ஒரே ஒரு கிராம்புகூடக் கிடைத்தது. கிராம்பு அந்தக் காலத்தில் இன்றைய இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில் மட்டும் விளைந்தது. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஒரு மன்னார்க் குசினிக்குள் கிழக்கும் மேற்கும் சேர்ந்து கொதித்திருக்கின்றன. அப்படிப்பட்ட துறைமுகத்துக்கு ஒரு ஆப்பிரிக்க விதை வந்து சேர்ந்ததில் அதிசயம் எதுவும் இல்லை.

மரத்தின் பெயர்களும் ஒரு கதை சொல்கின்றன. தமிழ்நாட்டுக் கரையில் இதையே பொந்தன்புளி, யானைப்புளி, பப்பரப்புளி என்கிறார்கள். புளி ஏன் என்று பழத்தை உடைத்துப் பார்த்தால் விளங்கும். உள்ளே வெள்ளைத் தூளாகப் புளிப்பான சதை. பப்பரம் என்பதுதான் எனக்குப் பிடித்தது. பழைய தமிழில் அது ஒரு அந்நிய தேசத்தின் பெயர், வடமொழி 'பர்பர'விலிருந்து வந்தது. கிழக்கு ஆப்பிரிக்காவின் சோமாலியாப் பக்கத்துக் கரையை அரபு மாலுமிகள் பர்பரா என்றார்கள். இரண்டும் ஒரே இடம்தானா என்று அடித்துச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் 'வேறு தேசத்துப் புளி' என்று தெரிந்துகொண்டேதான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

செனகலில் இந்தச் சதையைக் கரைத்து 'புயி' என்ற பானம் செய்கிறார்கள். கென்யக் கரையில் விதையோடு சீனிப்பாகில் புரட்டி, சிவப்புச் சாயம் ஏற்றி, 'மபுயு' என்று பிள்ளைகளுக்கு விற்கிறார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் இலை கறியாகிறது. மரம் வந்தபோது அந்தச் சமையலும் கூட வந்ததா? அன்றைக்கு மத்தியானம் நான் சாப்பிட்டது சோறும் நண்டுக் கறியும் கருவாட்டுப் பொரியலும். பின்னேரம் அவித்த பனங்கிழங்கு. அருமையான சாப்பாடுதான். ஆனால் இலையில் ஆப்பிரிக்கா இல்லை.

அப்போதுதான் ஒரு கேள்வி வந்தது. மரத்தைப் பற்றி எழுதுகிற எல்லாரும் 'அரபு வணிகர்கள் கொண்டுவந்தார்கள்' என்று ஒரு வரியோடு முடித்துவிடுகிறார்கள். ஒட்டகத்துக்குத் தீனியாக நட்டார்கள் என்று மேலதிகமாக ஒரு விளக்கம். கொண்டுவந்தவர் பெயர் இருக்கிறது. அந்த மரத்தைத் தின்னத் தெரிந்த ஆப்பிரிக்கர் எங்கே? இந்தியாவின் பேயோபாப் மரங்களின் மரபணுவை ஆராய்ந்து 2015-இல் ஒரு கட்டுரை வந்தது. விதைகள் ஒரு தடவை இல்லை, பல தடவை, ஆப்பிரிக்காவின் வேறு வேறு பகுதிகளிலிருந்து வந்திருக்கின்றன என்றது அது. வணிகர்களோடு மட்டுமல்ல, படைவீரர்களாகவும் அடிமைகளாகவும் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களோடும் இந்த மரத்தின் பயணத்தை அது சேர்த்துப் பார்க்கிறது.

இலங்கையிலும் அவர்கள் இருந்தார்கள். 1344-இல் இங்கே வந்த இபன் பதூதா, புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்து மன்னார் முத்துகளைப் பற்றிப் பேசியவர். கொழும்பில் ஜலஸ்தி என்ற தலைவனிடம் ஐந்நூறு அபிசீனியர் இருந்ததாக எழுதியிருக்கிறார். பிறகு போர்த்துக்கேயர் மொசாம்பிக் பக்கத்திலிருந்து ஆட்களைப் படைக்கும் அடிமை வேலைக்கும் கொண்டுவந்தார்கள். ஒல்லாந்தரும் அவர்களை விடவில்லை. கொழும்பில் அடிமைகளை அடைத்து வைத்த இடத்தை ஆங்கிலத்தில் ஸ்லேவ் ஐலண்ட் என்று அழைத்து வந்தார்கள். தமிழில் நாம் கொம்பனித்தெரு என்கிறோம். நம்முடைய பெயரில் கொம்பனி இருக்கிறது, அடிமை இல்லை. ஆங்கிலேயத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் கோவாவிலிருந்து ஆப்பிரிக்கர்களை விலைக்கு வாங்கிப் படைப்பிரிவே அமைத்தார். மன்னார்ப் பெருநிலத்தில், அரிப்புக் கரையில், முத்துக்குளிப்பை மேற்பார்க்க மாளிகை கட்டியதும் அதே நோர்த்தான். இடிந்த சுவர்களாய் இன்றும் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

அந்தப் படை 1860-களில் கலைக்கப்பட்டபோது அவர்களில் பலர் புத்தளத்திலேயே தங்கிவிட்டார்கள். இன்றும் புத்தளத்துக்குப் பக்கத்தில் சிரம்பியடியில் அவர்களின் பரம்பரை வாழ்கிறது. சின்னச் சமூகம். பேசுவது பெரும்பாலும் சிங்களம். ஆனால் 'மஞ்சா' என்ற பாட்டை விடவில்லை. தேங்காய்ச் சிரட்டை, கரண்டி, போத்தல், மேளம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் தட்டி, மெதுவாகத் தொடங்கி வேகம் ஏறுகிற பாட்டு. சொற்கள் போர்த்துக்கேயக் கிரியோலில். பாடுகிற இளையவர்களுக்கே எல்லாச் சொல்லும் விளங்காது. நாம் கலியாண வீட்டில் ஆடுகிற பைலாவுக்கும் இந்த ஆப்பிரிக்கத் தாளத்தோடு உறவு இருக்கிறது.

அவர்களுக்குத் தமிழில் நாம் வைத்த பெயர் காப்பிரி, காப்பிலி. அரபில் காஃபிர், ஐரோப்பியர் வாயில் கஃபர், நம் வாயில் காப்பிலி. பள்ளிக்கூடத்தில் கறுப்பாக, சுருள் முடியோடு இருந்த ஒரு பெடியனை நாங்கள் கூப்பிட்ட பெயரும் அதுதான். நானும் கூப்பிட்டிருக்கிறேன். அது ஒரு மக்களின் பெயர், அந்த மக்கள் எங்களிடமிருந்து சில மணித்தியால பஸ் தூரத்தில் இருக்கிறார்கள் என்று ஒருவரும் சொல்லித்தரவில்லை. ஆப்பிரிக்க மரம் நமக்குப் பாரம்பரியச் சின்னம், ஆப்பிரிக்க மனிதன் நமக்குப் பட்டப்பெயர்.

திரும்பி வரும்போது ஓட்டோக்கார அண்ணையிடம் புத்தளத்தைப் பற்றிக் கேட்டேன். "தெரியாமலா, நான் வளந்ததே அங்கதானே தம்பி" என்றார். ஏன் என்று கேட்க வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன். 1990. எனக்குத் தெரிந்திருக்கவேண்டிய விடை.

அந்த வருடம் ஒக்டோபர் கடைசியில் வடக்கின் முஸ்லிம் மக்கள் எல்லாரையும் விடுதலைப் புலிகள் வெளியேறச் சொன்னார்கள். மன்னார்த் தீவில் எருக்கலம்பிட்டி, தாராபுரம் என்று பரம்பரை பரம்பரையாக வாழ்ந்த ஊர்கள் சில நாட்களில் வெறுமையாயின. வடக்கு முழுவதிலுமாக 70,000-க்கும் மேற்பட்டவர்கள். மன்னார்த் தீவு ஆட்களில் பலர் வள்ளத்தில் ஏறி, கடல்வழியாகக் கற்பிட்டி போய், புத்தளத்தில் அகதிகளானார்கள். "வரேக்க எனக்கு ஏழு வயசு. வள்ளத்தில சத்தி எடுத்தது மட்டும்தான் ஞாபகம். திரும்பி வரேக்க எனக்கே ரெண்டு பிள்ளை" என்றார் அண்ணை. வேறு ஒன்றும் சொல்லவில்லை. நான் யாழ்ப்பாணம் என்று அவருக்கு ஏறும்போதே தெரியும்.

மன்னாரின் வரலாற்றை 'வந்தவர்கள்' கதையாகச் சொல்லாமல் சொல்லவே முடியாது. கழுதை வந்தது, பெருக்கு வந்தது. கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் முத்துக் குளிப்பவர்கள் வந்தார்கள். கத்தோலிக்கம் வந்தது. 1544-இல் யாழ்ப்பாண அரசன் சங்கிலி அறுநூறு பேரளவில் புதிய கத்தோலிக்கர்களைக் கொல்வித்தான். தோட்டவெளியில் இன்றும் அவர்களை நினைவுகூர்கிறார்கள். மலைநாட்டுக்குக் கோப்பி பிடுங்கப் போன தமிழர்கள் இந்தக் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து, வாந்திபேதியில் விழுந்து செத்தார்கள். இதில் யார் 'இடத்துக்குரியவர்', யார் 'வந்தான் வரத்தான்' என்று கோடு போட்டவர்கள் 1544-இலும் இருந்தார்கள், 1990-இலும் இருந்தார்கள். இரண்டு தடவையும் கட்டளை வந்தது நம் பக்கத்திலிருந்துதான். இதை மன்னாருக்கு வெளியே இருக்கிற தமிழ்ப் பெடியளும் பெட்டையளும் தெரிந்துகொண்டுதான் அந்த மரத்தடியில் செல்ஃபி எடுக்கவேண்டும்.

இப்போது இன்னொரு வரவு. தீவின் தென்கரையில் முப்பது காற்றாலைகள், 2020-இல் திறந்த 'தம்பபவனி'. இன்னும் கட்டப் பார்க்கிறார்கள். மண்ணுக்குள் இல்மனைட் இருக்கிறது என்று தோண்டவும் பார்க்கிறார்கள். வெள்ளம் வடியாது, கடல் உள்ளே வரும், வங்காலைப் பக்கம் வரும் பறவைகள் என்னாகும் என்று கேட்டு 2025-இல் மன்னார் மக்கள் நாட்கணக்கில் வீதியில் நின்றார்கள். கோயில், தேவாலயம், பள்ளிவாசல் என்று எல்லாப் பக்கத்து ஆட்களும் சேர்ந்து நின்றது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. வெளியில் இருந்து வருவது எல்லாவற்றையும் எதிர்க்கிற ஊர் இல்லை அது. தங்களைக் கேட்காமல் வருவதைத்தான் எதிர்க்கிறார்கள்.

போவதென்றால் ஒரு நாள் போதாது. பள்ளிமுனை, கோட்டை, திருக்கேதீச்சரம், தோட்டவெளி, தலைமன்னார், அரிப்பு என்று இரண்டு நாளாவது வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அப்படியே புத்தளத்துக்கும் போய், மஞ்சா கேட்கிற வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். மரத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் பாதிக் கதையோடுதான் வருவீர்கள்.

பஸ் ஸ்ராண்டில் இறங்கும்போது காசு கொடுத்தேன். அண்ணை மிச்சத்தை எண்ணித் தந்துவிட்டு, "பெருக்கம் பழம் வேணுமெண்டா காய்க்கிற காலத்தில வாங்க தம்பி, நல்லாப் புளிக்கும்" என்றார். போகத்தான் வேண்டும். பள்ளிக்கூடத்தில் நாங்கள் அப்படிக் கூப்பிட்ட அந்தப் பெடியன் இப்போது கனடாவில். பழம் கிடைத்தால் அவனுக்கு ஒரு படம் எடுத்து அனுப்பி, கூடவே ஒரு மன்னிப்பும் எழுதவேண்டும்.